இருபத்தாறு அவுன்ஸ்

வியாழக்கிழமை லீக்கில் நேற்று ஏழாவது தடவை.
வெற்றுக்கூடு வெளியே தெறிக்காமல்
ஸ்லைடின் இடுக்கில் செங்குத்தாக நின்றது.
புகைபோக்கி என்பார்கள் இங்கே.
"மார்லிஸ் வீட்டில் ரொட்டி வேகிறது!" என்றான் டெல்மர்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
காதில் அடைப்பான் இருந்ததால்
என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
நாளைக்குப் பள்ளி இல்லை, அதனால் என் பஸ்ஸும் இல்லை.
மினாட் நகரமே எஞ்சின் ஹீட்டரைச் சுவரில் செருகிவிட்டுப்
படுத்துவிட்டது.
தோட்டாக்களை நிலவறையில் வைத்துப் பூட்டினேன்.
குழலின் அறையைக் கண்ணால் பார்த்தேன்,
சுண்டுவிரலாலும் பார்த்தேன்.
காலி.
சமையல் மேசையில் பழைய துண்டு,
முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக உறுப்புகள்.

எக்ஸ்ட்ராக்டர் என்பது
என் நடுவிரல் நீளத்தில் ஒரு எஃகுக் கம்பி, நுனியில் ஒற்றைப் பல்.
வேலை கொஞ்சம்தான்:
வெடித்த கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்க வேண்டும்,
எதிர்முனை வந்து இடிக்கும்வரை விடக்கூடாது.
இறுக்கம் குறைந்தால் பாதியில் கைவிடும்.
கூடினால் அடுத்த தோட்டாவை உள்ளேயே சேர்க்காது,
வாசலில் நிற்கவைத்துப் பேசும்.

அளக்கும் கருவியைக் கடையில் விற்கிறார்கள்.
என்னிடம் இருப்பது
டெவில்ஸ் ஏரியில் மீன் நிறுத்த தராசு,
செதில் வாடை இன்னும் போகவில்லை.
பல்லுக்கடியில் தகடு, தகட்டில் நூல்,
நூலில் தராசு.
மெல்ல இழுத்தேன்.
பதினொன்று.
எனக்கு இருபத்தாறு வேண்டும்.
ஏன் இருபத்தாறு என்று கேட்காதீர்கள்,
சொன்ன வரம்புக்கு நடுவே போவது
பஸ் ஓட்டுகிறவளின் புத்தி.

கம்பியை அதன் சுரங்கத்திலேயே பாதி நுழைத்து
உள்ளங்கையால் ஓர் அழுத்து.
நாற்பத்தொன்று.
திருப்பி அழுத்தினேன், பத்தொன்பது.
இன்னும் ஒரு மயிரிழை, முப்பத்து மூன்று.
எஃகு தலையாட்டும்; கேட்டுக்கொண்டது என்று நம்பக்கூடாது.
ஒன்றரை மணிக்கு இருபத்தாறு வந்தது.
பல்லின் கீழ்முனையில் பேனா மையைத் தடவி
எங்கே உரசுகிறது என்று பார்த்து
சின்ன அரத்தால் மூன்றே இழுப்பு.
நான்காவதற்குக் கை அரித்தது. அரத்தை டிராயரில் போட்டேன்.

ஸ்லைடை மட்டும் கையில் எடுத்து
வெற்றுக்கூட்டைப் பல்லில் மாட்டி உலுக்கினேன்.
நின்றது.
பலமாக உலுக்கினேன்,
காபிக்குள் விழுந்தது.
சரியான அளவு! அந்தக் காபியையே குடித்திருப்பேன்,
ஈயம் நினைவுக்கு வந்ததால் கொட்டினேன்.

எல்லாவற்றையும் பூட்டி, போலித் தோட்டாக்களை
ஒவ்வொன்றாய் ஓட்டிப் பார்த்தேன்.
நான்காவது, புகைபோக்கி.

லூத்தரன் வீட்டில் சொல்லத்தக்க சொல் ஊஃப்டா.
நான் சொன்னது அதுவல்ல.

டார்ச்சை வாயில் கவ்விப் பின்பக்கம் பார்த்தபோதுதான் தெரிந்தது:
கம்பி தன் சுரங்கத்துக்குள்
ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.
பின்னால் அதை நேராக நிறுத்த வேண்டிய சின்னத் தகடு
ஆடுகிறது.
பஸ் பட்டறையிலிருந்து எடுத்துவந்த அளவுத் தாள்களில்
அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடித்தது
சிரமமில்லாமல் இடையில் போய்வந்தது.

நான்கு மணி நேரம்
பல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
டெல்மராக இருந்தால் இதில் ஒரு பாடம் கண்டுபிடித்து
ஞாயிற்றுக்கிழமை சர்ச் காபியில் சொல்லுவான்.
பாடமெல்லாம் இல்லை.
பத்தொன்பது டாலர், தபால் தனி.

புதுத் தகடு வேண்டுமென்றே பெரிதாக வந்தது.
அரத்தில் இரண்டு இழுப்பு, பொருத்திப் பார்,
இரண்டு இழுப்பு, பொருத்திப் பார்;
கட்டைவிரலின் தோல் தேய்ந்தபோது
கிளிக் என்று உட்கார்ந்தது.

இந்த வியாழன்
முதல் கூடே வலப்பக்கத் தடுப்பைத் தாண்டிப் பறந்து,
கொதிக்கக் கொதிக்க,
டெல்மரின் சட்டைக் காலருக்குள் இறங்கியது.
அவன் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் கிடையாது.
துப்பாக்கியை மட்டும் ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆடினான்,
அதைச் சொல்ல வேண்டும்.

நான் குறிப்பேட்டில் எழுதினேன்:
வலப்பக்கம், சுமார் ஆறடி. நன்று.