இடக்கை

டோல்கேட்டில் இப்போது யாரும் கை நீட்டுவதில்லை.
கண்ணாடியில் ஒட்டிய சதுரம் தானே பேசிக்கொள்கிறது,
தடுப்புக் கம்பு தானே எழுகிறது.
காசு தீர்ந்த சதுரங்களுக்காக மட்டும்
ஆறாம் லேனில் நான்,
கிருஷ்ணகிரிக்கு வெளியே,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.

இன்று ஒன்று பன்னிரண்டுக்கு இறுதி ஓட்டம்.
அங்கே இன்னும் முழுசாக இருட்டவில்லை.
தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
தஸ்தகீர் அண்ணன் பார்த்தார்,
பார்க்காததுபோல் டீ வாங்கப் போய்விட்டார்.

மூன்றாவது ஓடுகிறவள் முனிரத்னா, வேப்பனப்பள்ளி.
மார்பில் தேசத்தின் பெயர், கண்ணுக்கு மை.
புருவத்தில் மட்டும் அதே பழைய தழும்பு,
எங்கள் பள்ளிக் கொடிக்கம்பம் கொடுத்தது.
எட்டு நாடு, எட்டு லேன்.
நாங்கள் எட்டில்.
(நாங்கள்! நான் எங்கே ஓடுகிறேன்?)

மாவட்டப் போட்டிக்கு எங்களுக்குப் பேட்டன் கிடையாது.
மாந்தோப்புப் பிவிசி குழாயில் ஓரடி அறுத்து
மண்ணைத் தட்டிவிட்டு எடுத்துப் போனோம்.
அவள் மூன்று, நான் நான்கு.
பாதத்துக்குப் பாதம் வைத்து இருபத்திரண்டு எண்ணி
அங்கே என் செருப்பை வைப்பேன்.
செருப்பை அவள் தாண்டினால் நான் கிளம்ப வேண்டும்.
அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது.
முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் வரும்.
மற்ற பள்ளிகளில் "ஏய்" என்பார்கள், "கை" என்பார்கள்.
இவள் வீட்டுச் சொல்லைத்தான் கத்துவாள்:
தீஸ்கோ!
தெலுங்கில் எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.
என் இடக்கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

துப்பாக்கி.
முதல் பெண் நன்றாக எழுந்தாள்.
இரண்டாமவள் நேர்கோட்டில் கொஞ்சம் இழந்தாள், பரவாயில்லை,
வளைவில் முனிரத்னா,
அந்த வளைவை அவள் எப்போதும்
கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறவள்போல் ஓடுவாள்,
ஒருத்தியைத் தாண்டிவிட்டாள், இன்னொருத்தி,
முன்னால் ஹர்லீன், ஜலந்தர்க்காரி,
கிளம்பிவிட்டாள்,

ஹார்ன்.
பதினாலு சக்கரம். நாகாலாந்துப் பதிவு, நாமக்கல் டிரைவர்.
சதுரத்தில் காசில்லை.
இரட்டிப்பா? எதுக்கு இரட்டிப்பு? யார் போட்ட சட்டம்?
கண்ணைத் திரையில் வைத்தபடி ரசீதை நீட்டினேன்.
"எந்தக் கைல குடுக்கிற பாரு" என்றான்.
கை மாற்றிக் கொடுத்தேன்.

திரும்பினால் எல்லாம் முடிந்திருந்தது.
கேமரா முதல் மூன்று நாடுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.
எங்கள் நால்வர் ஓர் ஓரத்தில்
பஸ் தவறவிட்டவர்கள்போல்
இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.
பலகையில் எங்கள் பெயருக்கு நேரே
நேரம் இல்லை, இரண்டு எழுத்து இருந்தது.
அண்ணன் டீயை வைத்துவிட்டு,
"போச்சா?" என்றார். ஒரு பன்னும் வைத்தார்.

நாலு பத்துக்குக் குரல் செய்தி வந்தது.
பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.
"குச்சி விழலடி. மாறுச்சு. கோடு தாண்டி மாறுச்சு.
'ஸ்டிக்'னுதான் கத்தணும், ஆறு மாசமா அப்படித்தான்.
இன்னிக்குன்னு பாத்து வாய்ல அது வந்துருச்சு.
அவ கை வரல.
மறுபடி கத்துறதுக்குள்ள...
கோச்சுகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல."
அப்புறம் சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா
மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை.

என்ன பதில் போடுவது?
அழுத்திப் பிடித்தேன், விட்டேன்.
என் பெருமூச்சு இரண்டு நொடி பதிவானது. அழித்தேன்.

ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு தக்காளி வண்டி.
சதுரமே ஒட்டாத வண்டி.
என் கை தானாக வெளியே போயிருந்தது,
இடதுதான், விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலாக,
ஓட்டுகிற பையன் ஒன்றும் சொல்லவில்லை.
ஈர நோட்டுகளை அழுத்தி வைத்தான்.
மீதி வாங்காமலே போய்விட்டான்.