பிழைக் கட்டு

எழுகடல் தெரு முனையில்
பாலிடெக்னிக் கைடுகளின் முதுகை வெயில்
வெளுத்துக்கொண்டிருந்த மூன்று மணி.
மாங்கா இருக்கா என்றேன் முதல் தடவை.
எதிர்ச் சாரியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள் என்று
கை காட்டினார் காதர்மஸ்தான்.

பிறகு நானே கண்டுபிடித்தேன்.
எல்லாம் பிழைக் கட்டில் கிடக்கும்.
தலைகீழாய்த் தைத்த இயற்பியல்,
பதினாறு பக்கம் இரண்டு முறை வரும் வருமானவரிச் சட்டம்,
இவற்றோடு சணல் போட்டு இறுக்கி.
"முன்னட்டையப் பின்னாடி ஒட்டிட்டான் பாருங்க.
நாப்பது குடுங்க, போதும்."
நான் வாயைத் திறக்கவில்லை.
வலமிருந்து இடமாக ஓடும் கதை அது என்று சொன்னால்
நானூறு ஆகிவிடாதா.

அப்படி வந்ததுதான் இந்த இரண்டாம் பாகம்.
தாள் அப்பளம்.
ஓரமெல்லாம் பூச்சி போட்ட ரோடு.
ஒரு துறைமுகம், ஒரு பையன், விடாத மழை.
ஜப்பானிய எழுத்து எனக்கு ஒன்றும் தெரியாது.
எனக்கு முன்னால் யாரோ
நன்றாகச் சீவிய பென்சிலால்
ஒலிகளுக்கு மட்டும் தமிழ் எழுதியிருக்கிறார்.
பேச்சையெல்லாம் விட்டுவிட்டார்.
மழைக்கு 'சோ'.
படகு கரையில் மோத 'தொம்'.
பூனை ஓட்டின் மேல் ஓட 'தடதட', அதை அடித்துவிட்டு 'கடகட'.
அப்பா திரும்பாத வீட்டில்
ஒன்றுமே நடக்காத ஒரு கட்டம்;
அதற்கும் பெரிதாய் மூன்று எழுத்து வரைந்து வைத்திருக்கிறார்கள்.
அதனடியில், சின்னதாய்:
'கம்'.

தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தோடு பென்சில் நின்றுவிடுகிறது.

அப்புறம் கையெழுத்தைத் தேடத் தொடங்கினேன்.
சிம்மக்கல், டவுன்ஹால் ரோட்டு நடைபாதை.
திருப்பரங்குன்றத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில்
தராசில் ஏறியதை இறக்கச் சொல்லித் திட்டு வாங்கினேன்.
முதல் பாகம் கிடைத்தது.
உள்ளே ஒரு கோடு இல்லை, அவ்வளவு சுத்தம்.
இதற்குப் போய் வருத்தப்பட்டவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை போனபோது
காதர்மஸ்தான் கடைக்குள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்.
விரல் வலமிருந்து இடமாகப் போனது.
நான் திருப்புகிற மாதிரியேதான்
பக்கத்தைத் திருப்பினார்.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.
மூடி, முத்தமிட்டு, உயரத்தில் வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.
"எடையில ஆறு ரூவாய்க்கு வந்தது தம்பி.
பிழைக் கட்டுலதான் நம்ம பொழப்பே ஓடுது."
பென்சிலால் எழுதியது யார் என்று கேட்டேன்.
"கிலோவுல வர்றதுக்கு ஏது இனிஷியலு?"

ஆரப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
தொண்ணூற்று மூன்றாம் பக்கம்.
பையன் கடலில் கல்லை எறிகிறான்.
விழுந்த இடத்தில், அலையைவிடப் பெரிதாய், ஓர் எழுத்து.
'சளக்'கா?
'டுபுக்'கா?
பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு
அடுத்த சிக்னலில் பஸ் நிற்கட்டும் என்று
காத்திருந்தேன்.