திரும்பி வரும்போது

முதல்நாள் மத்தியானம் கஞ்சித் தெளிவு மட்டும்.
பிறகு அந்த மருந்து.
தேசிக்காய் பிழிந்துவிட்டாலும்
கடல் தண்ணியைக் குடிப்பதுபோலத்தான்.
இரவு பதினொன்றுக்குள் பத்துத் தடவை
ரோச் லைற்றோடு வளவுக்குள் நடந்தேன்.
வீட்டுத்திட்டத்தில் கட்டித்தந்த கக்கூஸ்,
கதவுக்கு இன்னும் கொண்டி இல்லை.
பாடிக்கொண்டு இருந்தால் ஆட்கள் வரமாட்டினம்.
யானை வரும்.
அதுக்குப் பாட்டு விளங்காது.

நாலு மாதமாய் மூலம் என்றுதான் சொன்னேன்.
எனக்கு நானே சொன்னது, வேறு ஆர் கேட்டது?
கருணைக்கிழங்கு அவித்துத் தின்றேன்.
தூளைக் குறைத்தேன்.
சிவப்பைக் கண்டால் தண்ணியை ஊற்றிவிட்டு
கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.
இதே வாய்தான்
ஒன்பது வருசம் முகமாலை வெயிலில்
"சந்தேகம் எண்டால் கையை எடு, விசிலை ஊது" என்று
பெடிச்சிகளைப் பேசியது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி.
பின்பக்கம் திறந்த பச்சைச் சட்டை.
"பரிமளகாந்தி, அறுபத்திமூண்டு,
இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ அன்ரி,
முழங்காலை நெஞ்சுக்குக் கிட்ட கொண்டுவாங்கோ."
பங்கருக்குள் இப்படித்தான் படுத்தோம்
என்று வாய்வரை வந்தது.
யதுகுலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பிள்ளை
அந்த வருசம் கைக்குழந்தையாய் இருந்திருக்கும்.
விட்டுவிட்டேன்.

ஊசி போட்டும் நித்திரை வரவில்லை.
திரையில் என் உள்பக்கம்.
இருட்டாய்க் கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.
கழுவின கணவாய் மாதிரி
வெளிறின ரோசாவில் பளபளத்தது.
வளையத்துக்குப் பின்னால் வளையம்.

டொக்டர் லஹிரு, குருநாகல் ஆள்,
எண்ணி எண்ணி எடுத்துவைக்கிற தமிழ்.
"இப்ப சும்மா போறது மட்டும் அம்மா.
முடிவுக்குப் போய்
திரும்பி வரும்போதுதான் பாக்கிறது. மெதுவா."

எங்களுக்கு அது மறுவளம்.
போகும்போது ஒவ்வொரு விரற்கடையாய்ப் பார்த்தோம்,
திரும்பி வருகையில் வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே
பகிடி விட்டுக்கொண்டு நடந்தோம்.

ஒப்பிடாதை என்று எனக்குச் சொன்னேன்.
அது ஆரோ கொண்டுவந்து தாட்டது.
இது என் சோற்றைத் தின்று
எனக்குள்ளேயே முளைத்தது.

ஒரு மடிப்புக்குப் பின்னால் கமரா நின்றது.
தண்ணி பீச்சினார்.
பாலைப்பழக் கொட்டையளவில் ஒன்று,
காம்போடு, மழைக்காலக் காளான்போல
தலையாட்டிக்கொண்டு.
முயலுக்கு வைக்கிற மாதிரி ஒரு கம்பிச் சுருக்கு
போய்க் காம்பில் விழுந்தது.
ஒரு பொட்டுப் புகை.
நோகவே இல்லை.
இவ்வளவுதானா என்று இருந்தது,
நாலு மாதக் கிழங்குக்கு.

இரண்டாவதை நான் காணவில்லை.
தட்டையாய், தோலோடு தோலாய்
ஒரு சின்ன மெழுக்கு.
அவர் விரலால் திரையில் தொட்டுக் காட்டின பிறகும்
தேடித்தான் கண்டேன்.
எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.
என்ர கண்ணுக்கா?

பிறகு கட்டிலில் போட்டார்கள்.
"காத்தைப் பிடிச்சு வைக்காதேங்கோ, விடுங்கோ" என்றாள் யதுகுலா.
திரைச்சீலைக்கு அங்கால்
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்
ஒவ்வொன்றுக்கும் ஒருதரம் இருமி மறைத்தார்.
நான் இருமவில்லை.
கொஞ்ச நேரத்தில் அவரும் இருமுவதை விட்டார்.

சின்னப் போத்தலில் என் பெயர் ஒட்டிக் கிடந்தது.
முடிவு வர மூன்று கிழமை.
"இப்ப சுத்தமோ டொக்டர்?"
"இண்டைக்குக் கண்டது எல்லாம் எடுத்தாச்சு.
திரும்ப எப்ப வாறது எண்டு
ரிப்போட்டைப் பாத்துத்தான் சொல்லலாம்."
சுத்தம் என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை.
நாங்களும் எடுத்ததில்லை.
இத்தனை சென்ரிமீற்றர் ஆழம்வரை என்று எழுதி
அதுக்குக் கீழேதான் கையெழுத்து வைத்தோம்.

மருமகனின் ஓட்டோ
பரந்தன் சந்தியில் திரும்பும்போது
பசி என்னைத் தூக்கி அடித்தது.
ஒரு ரோல்ஸ் வாங்கி, கடித்தபடியே
கோமளாவுக்கு எடுத்தேன்.
என்னோடு ஒரே அணியில் முழங்காலில் நின்றவள்.
போன மாதம் அவளும் மூலம் என்றுதான் சொன்னாள்.

"என்னடி செய்யிறாய்?"
"அடுப்பில கிழங்கு வேகுது அக்கா."

"கையை எடு" என்றேன்.