வேகப் பயிற்சி

கோலகெட்டிலில் இன்னும் விடியவில்லை.
செம்பனை லாரி உழுதுபோன தடத்தில்
ஓடுகிறேன், மணிக்கட்டில் பச்சை மினுக்கலோடு.

போன மாதம் கைக்கடிகாரம் மெச்சியது:
‘செவ்வாய், வெள்ளிகளில் உங்கள் இதயம்
நூற்றெண்பதைத் தாண்டுகிறது.
உங்களுக்கேற்ற வேகப் பயிற்சி இதுதான். விடாதீர்கள்.’

செவ்வாயும் வெள்ளியும் குப்பை லாரி நாள்.
பெரிய கிராணி வீட்டு கேட் திறந்தே கிடக்கும்.
மூன்று நாய்கள்.

சண்டை போட்டேன். கட்டிவிட்டார்கள்.

நேற்று கடிகாரத்துக்கு ஒரே கவலை:
‘உடல்திறன் சரிகிறது. காரணம்?’
தொட்டுச் சொல்ல இரண்டே கட்டம்,
காய்ச்சல், பயணம்.
நாய் இல்லை.

இன்று அந்த வாசலில்
சங்கிலி குலுங்க எழுந்து நின்றது கறுப்பு நாய்.
குரைக்கவில்லை. வாலும் ஆட்டவில்லை.
வேலி முடியும்வரை
அதற்காகக் கொஞ்சம் வேகமாகவே ஓடினேன்.

நூற்று நாற்பத்தொன்று.