மூச்சை இழுத்துப் பிடிங்க

பாசி எடுக்கிறவள் என்பதை விரல்களே சொல்லிவிட்டன.
பத்திலும் துணிச்சுற்று, ஈரம் காயவில்லை.
ஒரு காலில் மட்டும் தகரச் செருப்பு.
இன்னொன்று சின்னப்பாலத்துக் கரையில் கிடக்கலாம்,
பாலம் கடந்து மண்டபம் வந்த ஆட்டோவிலும் கிடக்கலாம்.

"நம்புவள்ளி. முப்பத்தி நாலு" என்றாள் நாத்தனார்.
"கஞ்சி குடிக்காமத் தண்ணில இறங்குனா டாக்டர்,
அதான் மயக்கம்."
வயிறு?
"வலிக்குதாம். வாயு."
நாள் தள்ளிப்போயிருக்கிறதா?
நாத்தனாருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.
"ஆபரேசன் பண்ணி ஏழு வருசமாச்சு."

நாடி நூற்று முப்பத்தாறு.
ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு
நம்ப முடியாமல் மூன்றாவது முறை பட்டையைச் சுற்றப்போன
செய்யதம்மாள் சிஸ்டரிடம்
வேண்டாம், ஊசியைப் போடுங்கள் என்றேன்.
ஸ்கேன் அறையில் பூட்டு.
ஞாயிற்றுக்கிழமை.

மேசை இழுப்பறையில் இருந்தது,
முகச்சவரக் கருவி அளவில் ஒன்று,
செல்போனில் செருகிப் பார்ப்பது.
ஜெல் பாட்டிலைக் கடைசிச் சொட்டுக்காக
நான்கு நாளாய்த் தலைகீழாக நிறுத்தியிருந்தோம்.

உப்புப் பூத்த தோல்.
வலது விலாவின் அடியில் வைத்தேன்.
சாம்பல் நிறத்தில் தூறுகிறது திரை.
அவள் வாங்கும் வேகமூச்சில்
கல்லீரல் ஏறுகிறது, இறங்குகிறது,
சிறுநீரகம் எட்டிப் பார்த்து ஒளிகிறது,
எலும்பின் நிழல் குறுக்கே விழுந்து
எல்லாவற்றையும் அழிக்கிறது.

"மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா."

எல்லோரிடமும் சொல்வதுதான்.
எல்லோரும் மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிடுவார்கள்.

அவள் பிடித்தாள்.

படம் நின்றது.
கல்லீரல். சிறுநீரகம்.
ஒட்டியிருக்க வேண்டிய இரண்டுக்கும் நடுவே
கத்தி நுழைந்த தடம்போல் ஒரு கறுப்பு.
கீழே நகர்த்தினேன். கருப்பை காலி.
அதன் பின்னால் கறுப்பு, இன்னும் அகலமாய்.

இந்தக் கருவிக்கு எல்லா நீரும் கறுப்புதான்.
மூத்திரமா சீழா ரத்தமா, அது சொல்லாது.
ஏழு வருடம் முன் கட்டிய குழாயில்
ஒன்று வழிதவறி வந்து உட்கார்ந்ததையும்
குழாய் வெடித்ததையும் அது சொல்லாது.
அதற்கு இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டியிருந்தது,
சிஸ்டர் நீட்டிய அட்டையில்
இரண்டாவது கோடு சிவக்கும்வரை.

"டாக்டர்!" நாத்தனார்தான் கத்தினாள்.
"அவ இன்னும் மூச்சு விடல."

விடச் சொல்ல மறந்திருந்தேன்.
கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பாறை இடுக்கில் கை நுழைத்தால்
பிடி நிறையாமல் மேலே வராதவள்.

"விடுங்க. விடுங்கம்மா."

பிறகு ஒரே சத்தம்.
இரண்டு கைகளிலும் சலைன்.
ஆம்புலன்சுக்கு ஒரு போன்,
ராமநாதபுரத்துக்கு ஒரு போன்.
"ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா?"
"இல்ல. நானே பாத்தேன்."
"நீங்களா?"
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
"எங்க பாத்தீங்க?"
"லிவருக்கும் கிட்னிக்கும் நடுவுல."
"அனுப்புங்க. தியேட்டரைத் திறக்கச் சொல்றேன்."

வண்டி போனபின்
கருவியைத் துடைத்தேன்.
ஜெல்லோடு வந்தது
நகக்கண் அளவு ஒரு பாசித்துணுக்கு,
செம்பழுப்பு நிறம், ஈரம் போகவில்லை.
குப்பைத்தொட்டி வரை போய்
ஏனோ போடாமல்
மேசைக் கண்ணாடி மேல் ஒட்டிவைத்தேன்.
மாலைக்குள் அது காய்ந்து விழுந்துவிட்டது.
ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள் என்ற செய்தி
அதற்கு முன்பே வந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தாள்,
விரல்களில் துணி இல்லை.
தண்ணீரில் இறங்க இன்னும் எத்தனை நாள்
என்று கேட்கத்தான் வந்தாளாம்.
சொன்னேன். முகம் சுளித்தாள்.
அந்தக் கருவியைக் காட்டச் சொல்லி
கையில் வாங்கிப் புரட்டினாள்.

"எண்ணுனீங்களா?"
"எதை?"
"நான் பிடிச்சிருந்தத."
இல்லை என்றேன்.

"நாப்பத்தி ஒண்ணு" என்றாள்.
"ஒடம்பு நல்லாருந்தா நூறு போகும்."