நான்கு ஓம்

பிரிந்தபோது எல்லாம் சரிபாதி.
நார்மான் ஆம்பிளிஃபயரை எடுத்துக்கொண்டான்,
ஸ்பீக்கர்கள் எனக்கு வந்தன.
வக்கீலின் தாளில் அது ஒரே வரி:
ஒலிச் சாதனம், இரண்டாகப் பிரிக்கத்தக்கது.

வால்நட் மேனி, மூடிய பெட்டி,
மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.
முதுகில் ஒட்டிய சீட்டில்
அறுபத்தொன்பதாம் வருடத்துத் தேதி,
சோதித்தவளின் சுருக்கொப்பம்,
அதற்குக் கீழே, மை வெளுத்து, 4.

லூயிஸ்டனில் ஆறு உறைந்த வாரம்
புதிய ரிசீவர் வாங்கினேன்.
ஒரு கையால் தூக்கிவிடலாம்.
ஏழு சேனல், நூறு வாட், நீல எழுத்து,
பின்பக்கம் பொடி எழுத்தில்
எட்டு ஓமுக்குக் குறையாமல் என்றொரு வேண்டுகோள்.
நான் படிக்கவில்லை.

பேக்கரியில் இரவு ஷிஃப்ட் முடித்து
முழங்கை வரை மாவோடு வந்து
தட்டை வைப்பேன்.
வயலின் வரும். பெண் குரல் வரும்.
கொஞ்சம் கூட்டுவேன்.
பெரிய முரசு விழுகிற இடத்தில்
டக்.
அப்புறம் ஒன்றுமில்லை,
வெந்நீர்க் குழாயின் முனகல் மட்டும்.

லிஸ்பன் தெருவில் டிவி பழுது பார்க்கும் ரொசேர் கமாஷ்
போனில் எதையோ மென்றுகொண்டே சொன்னார்:
ஒடெட், உன் பெட்டிகள் எதையும் தடுப்பதில்லை,
அதுதான் சிக்கல்.
தடுக்காதவர்களுக்குத்தான் அதிகம் செலவாகும்.
வோல்டேஜ் கொடுத்தால் கரண்டை இழுத்துக்கொண்டே போகும்,
கொடுக்கிறவன் சூடேறிச் சாவான்.

போனை வைத்தபின் வெகுநேரம்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நார்மான் என்னைப் பற்றித் தன் அக்காளிடம் சொன்னதும்
கிட்டத்தட்ட இதேதான்:
அவள் எதற்கும் குறுக்கே நிற்பதில்லை.
பாராட்டு என்றுதான்
பதினோரு வருடம் நினைத்திருந்தேன்.

மல்டிமீட்டர் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன்.
மூன்று புள்ளி இரண்டு.
மீட்டர் முள்ளைத் தொட்டபோதெல்லாம்
கூம்பு ஒருமுறை இருமிற்று,
உள்ளே ஆள் இருப்பதுபோல.

ரிசீவரின் முதுகில் ஒரு சுவிட்ச் உண்டு, எட்டு அல்லது நான்கு.
நான்கில் தள்ளினால் பலம் கூடும் என்று நம்பினேன்.
கூடவில்லை. அது தன் கழுத்தைத் தானே
நெரித்துக்கொள்ளும் ஏற்பாடாம்.
வரிசையில் ஒரு வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டர் போடச் சொன்னார் கமாஷ்,
போட்டேன்.
டக் நின்றது. கூடவே முரசும் நின்றது.
பேஸ் கஞ்சியாகிவிட்டது, ஊற்றினால் ஓடுகிற கஞ்சி.
ரெசிஸ்டர் மட்டும் நன்றாகக் கொதித்தது,
ஜனவரியில் விரல் காயவைக்கலாம்.

பிப்ரவரியில், சபாட்டஸ் சாலையில்
உருளைச் சறுக்கு மைதானத்தை மூடினார்கள்.
வாடகைச் சக்கரக் காலணிகள் குவியலாக, ஜோடி இரண்டு டாலர்.
மூலையில் ஓர் ஆம்ப்,
கறுப்பு இரும்பு, பக்கவாட்டில் கைப்பிடிகள்,
முகப்பில் இளஞ்சிவப்புச் சூயிங்கம் கல்லாகியிருந்தது.
இரண்டு ஓம் வரை தாங்கும் என்று தகட்டில் வெட்டியிருந்தது.
எத்தனையோ பிறந்தநாள் பிள்ளைகள் விழுந்து எழுந்த சத்தத்தை
இருபது வருடம் மூச்சுவிடாமல் கொடுத்த ஜீவன்.
அறுபது டாலர்.
காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன்.
பாரத்தைப் பார்த்து யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று
கார் நம்பியது.

கமாஷ் வந்து வயர் முறுக்கினார், சிவப்பும் கறுப்பும்.
அதன் விசிறி பெரிய சத்தம்.
வயலின் தனியாக வரும் இடங்களில்
அடுக்களையில் யாரோ அரிசி களைவதுபோல் கேட்கும்.
கீழ்வீட்டு உவெலெட் அம்மாள்
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினாள் முதல் நாள்.
இரண்டாம் நாளும்.

நார்மான் ஒருமுறை போன் செய்தான்.
அவன் ஆம்ப் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறதாம்,
பேச எதுவும் இல்லாமல்.
வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றான்.
வேண்டாம் என்றேன்.
சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தேன்,
நடுங்கவில்லை.

இன்று விடியலில் அதே தட்டு.
வயலின் வந்தது. குரல் வந்தது.
கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.
முரசு விழுந்தது,
தரைப்பலகை வழியாகக் குதிகாலுக்கு ஏறியது,
அலமாரியில் கரண்டிகள் பேசின.
ஆனாலும் டக் வரவேண்டிய அந்த இடத்தில்
என் தோள் இன்னும்
ஒரு நொடி முன்னதாகவே இறுகிக்கொள்கிறது.