இரண்டு மணித் தண்ணீர்

தாங்கி ஏற்றிவந்த லொறி
எங்கள் ஒழுங்கைக்குள் நுழையவில்லை.
சந்தியிலேயே இறக்கிவிட்டுப் போனான்.
ஆயிரம் லீற்றர். கறுப்பு.
பூசை முடிந்த ஞாயிறு,
வெள்ளைச் சேட்டைக்கூடக் கழற்றாமல்
பெனடிக்ற் அதை உருட்டிக்கொண்டு வந்தார்.
பின்னால் பிள்ளைகள் ஒரு கூட்டம்.
வாசலில் நிறுத்தியதும்
ஒரு பொடியன் வாய்க்குள் தலையை விட்டுத்
தன் பெயரைக் கத்தினான்.
பெயர் பெரிய ஆளாகித் திரும்பி வந்தது.

சீட்டில் எனக்கு ஏழாவது முறை.
அந்தக் காசுக்குக் காப்பு ஒன்று என்றுதான்
நினைத்து வைத்திருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு
இரவு இரண்டு மணிக்குத்தான் தண்ணீர்.
பகலில் திறந்தால் குழாய் இருமும்,
கொஞ்சம் காற்று, துருநிறத்தில் ஒரு துளி.
இருபத்துநாலு மணித்தியால வெட்டு என்று
அறிவித்தல் வந்தால்
முப்பத்தாறு என்று படிக்கப் பழகியிருந்தோம்.
நீலப் பரல் குளிக்க,
பெயின்ற் வாளி கக்கூசுக்கு,
மூடி போட்ட பானை குடிக்க.
மாறி மொண்டவரோடு
அன்று முழுக்கப் பேச்சில்லை.
அரிசி கழுவியது கோப்பை கழுவி,
கோப்பை கழுவியது நிலம் துடைத்து,
கடைசியில் கறிவேப்பிலைச் செடியடிக்குப் போகும்.
அந்தச் செடி மட்டும் கொழுத்திருந்தது.

கித்சிறி பாஸ் மொட்டைமாடித் தட்டைக்
குதிக்காலால் தட்டிப் பார்த்தார்.
"நிறைஞ்சா ஆயிரம் கிலோ நோனா,
நடுவில வேணாம், சுவருக்கு மேல வைப்பம்."
கயிறு கட்டி இழுத்தபோது
கீழ்வீட்டு றியால் வந்து தோள் கொடுத்தார்.
கயிறு வழுக்கி
அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்தது.
"பரவாயில்ல," என்று
சாரத்தில் துடைத்துக்கொண்டு போனார்.

இந்த வேகத்துக்குத் தண்ணீர் மாடி ஏறாது,
மோட்டர் ஒன்று வேண்டும் என்றார் பாஸ்.
அதையும் பூட்டினோம்.
குழாயில் தண்ணீர் வந்தால் தானாக ஓடும்,
நிறைந்தால் தானாக நிற்கும்.
மனிதர் எழும்பத் தேவையில்லை.

முதல் இரவு அலாரம் வைக்கவில்லை.
என்றாலும் இரண்டுக்கு விழிப்பு வந்தது.
தலைக்கு மேலே
யாரோ நீளமான சேலை ஒன்றை
அவசரமில்லாமல் கிழிப்பதுபோல் சத்தம்.
கேட்டுக்கொண்டே நித்திரையாகிப்போனேன்.

பதினைந்து நாள்
பணக்காரியாக இருந்தேன்.
நின்றபடி குளித்தேன்.
அழுக்கில்லாத கதவுச் சீலைகளையும் கழுவினேன்.
பல்லுத் துலக்கும்போது குழாயைத் திறந்தே விட்டேன்,
அது ஓடுவதைப் பார்க்கத்தான்.

பதினாறாம் இரவு
மோட்டர் உறுமலுக்குக் கீழே இன்னொரு சத்தம்.
வெறும் வாளியைச் சீமெந்தில் வைக்கும் சத்தம்.
பிறகு குழாய் இருமல்.
யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
நூருல் ஐனா முற்றத்துக் குழாயடியில்
குந்தியிருந்தாள், கைக்குழந்தை மடியில்.
இரண்டு வீட்டுக்கும் ஒழுங்கையிலிருந்து
ஒரே பைப்தான் வருகிறது.
மேலே எங்கள் தாங்கி குடித்துக்கொண்டிருந்தது.
அவள் மேலே பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பெனடிக்றிடம் சொன்னேன்.
"அவங்களும் ஒண்டு வாங்கலாந்தானே,"
என்றவர் திரும்பிப் படுத்தார்.
பிறகு இருட்டுக்குள் கேட்டார்:
"அந்தாளுக்குக் கை மாறிட்டுதா?"

இப்போது படுக்கப் போகும்முன்
மோட்டர் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன்.
இரண்டுக்கு எழும்புகிறேன், பழையபடி.
விளக்குப் போடாமல் படியில் இருந்து கேட்கிறேன்.
வெறும் வாளியில் தண்ணீர் தடித்த குரலில் விழும்,
நிறைய நிறைய மெலியும்,
விளிம்பில் கீச்சென்று நிற்கும்.
ஒன்று.
இரண்டு.
ஐந்து வாளி அவர்கள் கணக்கு.
கீழே கதவு சாத்திய பிறகு
பிளக்கைக் குத்துகிறேன்.

விடிந்தால் தாங்கி முக்கால்தான்.
"சாமான் சரியில்லை," என்று பெனடிக்ற்
உத்தரவாத அட்டையைத் தேடுகிறார்.
நான் தேநீர் ஊற்றுகிறேன்.

நேற்று ஆறாவது வாளியும் கேட்டது.
யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் போல.
பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு
கொட்டாவி விட்டேன்.